பிள்ளைக்குப் பிள்ளை

இந்தப் பக்கம் தள்ளி உக்காரு மவளே. அங்கன வெயிலு பிள்ளை மூஞ்சியில அடிக்குதுல்லா. என் பையைக் கால்மாட்டுல போட்டுக்கிடுதேன். ஆங், இப்போ சரி.

ஆம்பளைப் பிள்ளையா? நல்ல களையா இருக்கான். காய்ச்சல் விட்டு விட்டு வருதுங்கே. டாக்டர்ட்ட காட்டுனியா? காட்டிட்டுத்தான் உவரிக்குப் போறியா, அது வரைக்கும் சரி. அந்தோணியாருக்கு நேர்ந்துக்கோ, நான் வேண்டாங்கலை. மெழுகுவத்தி ஏத்து, உப்பு மிளகு போடு, மொட்டையடி, கோழி விடு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், முன்னப்பின்ன தெரியாத கிழவி சொல்லுதாளேன்னு நினைக்காதே. பிள்ளையத் தாரேன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிராதே. மனசுக்குள்ள கூடச் சொல்லிராதே. மேல கேட்டுக்கிட்டு இருக்குறவருக்குக் காது ரொம்பக் கூர்மை. நாம நூறு தடவை அரிசி குடு, மழை குடுன்னு கேட்டா ஒரு தடவை காதுல விழும். தாரேன்னு ஒரு தடவை சொல்லிப் பாரு, டக்குன்னு விழுந்துரும்.

நான் சிரிப்புக்குச் சொல்லலை. ரெண்டு பிள்ளை பெத்தவ. இன்னைக்கு ஒத்தையில போயிட்டு ஒத்தையில வாரேன்.

நாங்களும் வேதக்காரங்கதான். ஆனா உவரி மாதிரி சொரூபம், சப்பரம் எல்லாம் எங்களுக்குக் கிடையாது. எங்க கோயில்ல ஒரு சிலுவை, ஒரு மணி, அவ்வளவுதான். எங்க சாமியாரை நாங்க ஐயர்னு சொல்லுவோம். நீ வேற ஐயருன்னு நினைச்சுராதே. இவரு பொண்டாட்டி பிள்ளையோட இருக்குற போதகர். எங்க ஊர்க் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு, வேற எந்த ஊர்லயும் நான் பாத்ததில்லை. மோசே எழுதின அஞ்சு ஆகமத்தையும் வாரத்துக்கு ஒரு பங்கா வாசிச்சு வருஷத்துக்குள்ள முடிக்கணும். யூத ஜனங்க அவங்க கோயில்ல அப்படித்தான் வாசிப்பாங்கன்னு வெள்ளைக்காரத் துரை ஒருத்தரு அந்தக் காலத்துல ஏற்படுத்திட்டுப் போனாராம். துரை போயிட்டாரு, அவரு பங்களா இடிஞ்சு போச்சு, இந்த வழக்கத்தை மட்டும் எங்க ஆளுக விடலை. வீட்டுக்கு ஒரு வாரம், முறை வச்சு வாசிப்பாங்க.

அதுல ஒரு வாரம் வரும் பாரு, சாபம் வாசிக்கிற வாரம். லேவியராகமத்துல கடைசிப் பங்கு. மொதல்ல ஆசீர்வாதம் கொஞ்சூண்டு வரும். மழை பெய்யும், காடு விளையும், நிம்மதியாப் படுத்துத் தூங்குவீங்கன்னு. அப்புறம் சாபம் ஆரம்பிக்கும், நிக்காது. வானம் இரும்பாப் போகும், நிலம் செம்பாப் போகும், வெதைச்சதை எவனோ திம்பான், இலை அசையுற சத்தம் கேட்டே ஓடுவீங்க, யாருமே வெரட்டாம ஓடுவீங்கன்னு. அது முடிஞ்சதும் பொருத்தனை, காணிக்கை, யாரு எதை நேர்ந்தா என்ன பண்ணணும்ங்கிறது. அந்த வாரம் முறை வந்துச்சுன்னா அந்த வீட்டுல எல்லாருக்கும் சளி பிடிச்சுக்கும்! ஒருத்தருக்கும் தொண்டை இருக்காது. தன் வாயால சாபத்தைச் சொல்லி, எதுத்தாப்புல இருக்குறவன் மேல கண்ணு பட்டு, அவன் வீட்டுல ஒண்ணு நடந்துட்டா? கடைசியில ஐயருக்குக் கீழ இருக்குற உபதேசியாரு தலையிலதான் விழும். அவரும் வாய்க்குள்ளயே வேகவேகமா முணுமுணுத்துட்டு இறங்கிருவாரு. அந்நேரம் பொம்பளைக எல்லாம் முந்தானையைப் பிள்ளைக காது மேல இழுத்துப் போட்டுக்கிடுவோம்.

சிரிக்கே. சிரி சிரி.

எங்க மூத்தவன் பேரு தவசிங். பத்து மாசத்துல மூளைக்காய்ச்சல் வந்துச்சு. உன் பிள்ளைக்கு வந்திருக்குறது அது இல்லை, பயப்படாதே, இவன் முழிச்சு முழிச்சுப் பாக்கான்ல. அவன் கண்ணு மேல சொருகிருச்சு. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடக்கேன். மத்தியானம். எதுத்தாப்புல ஒரு பொம்பளை தூக்குவாளியைத் தொறந்து சோறு திங்கா. எனக்கு வந்துச்சு ஒரு ஆத்திரம். அந்த ஆத்திரத்துலதான் சொன்னேன். ஆண்டவரே, இவனை எனக்குக் குடுக்காட்டா போகட்டும், நீரே வச்சுக்கிடும், ஆனா உசுரோட வச்சுக்கிடும், உமக்கு ஊழியம் செய்யட்டும். சாயங்காலமே பிள்ளை பாலுக்கு அழுதான்.

கோயில்ல எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னேன். சபை பூராவும் அழுதுச்சு. அப்போ இருந்த பெரிய ஐயர் தலையில கை வச்சு ஜெபிச்சாரு. அன்னையில இருந்து ஊர்ல அவனுக்குப் பேரு ஆண்டவர் பிள்ளை. மாங்காய்க்குக் கல்லெறிஞ்சா கூட, ஏல, ஆண்டவர் பிள்ளை கல்லெறியலாமாலன்னு கேப்பாங்க. எனக்குப் பெருமைதான். ஏன் பொய் சொல்லணும்?

ரெண்டு வருஷம் கழிச்சு ஆமோஸ் பொறந்தான். அவன் ஒரு தொந்தரவும் குடுக்காம வளந்தான். அவனுக்காக நான் ஒரு ஆஸ்பத்திரிப் படியும் ஏறுனதில்லை, ஒரு பொருத்தனையும் பண்ணுனதில்லை.

இந்தா கண்டக்டர் தம்பி, திசையன்விளை ஒண்ணு. அப்பவே எடுத்துட்டேனா? சரி சரி.

என்ன சொன்னேன்? ஆங். தவசிங் படிப்புல கெட்டி. சாதாரணக் கெட்டி இல்லை. பன்னெண்டாம் கிளாஸ்ல ஜில்லாவே திரும்பிப் பாத்துச்சு. இஞ்சினியரிங் சீட்டு தானா வந்து நின்னுச்சு. நீயே சொல்லு மவளே, அப்படிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய் வேதபாடசாலையில சேக்கவா? ஆண்டவருக்கு இஞ்சினியர் எதுக்கு? அவரு கட்டுறதை எல்லாம் ஆறு நாள்லயே கட்டி முடிச்சுட்டாருல்லா.

நான் பொருத்தனையை முறிக்கலை. அதை நல்லா மனசுல வாங்கிக்கோ, ஊர்ல நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. முறிக்கிறவ நான் இல்லை. ஒரு பிள்ளை தாரேன்னு சொன்னேன், ஒரு பிள்ளை குடுத்துருவோம்னு நினைச்சேன். ஆமோஸுக்குப் படிப்பு ஓடலை. கணக்குல கோட்டை விட்டவன். பள்ளிக்கூடம் விட்டா நேரா முக்குல இருக்குற ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருவான். எந்த மோட்டாரா இருந்தாலும் காதை வச்சுக் கேப்பான், எங்க கோளாறுன்னு சொல்லிருவான். ஊர்ல பாதி பம்புசெட்டு அவன் கைபட்டுத்தான் ஓடுச்சு. இருந்துட்டுப் போகட்டும், அதெல்லாம் ஒரு உத்தியோகமா? கையெல்லாம் கிரீசு. இவனை ஊழியத்துக்கு அனுப்பினா மனுஷனா ஆவான், அங்கியைப் போட்டு நின்னா லட்சணமா இருப்பான்னு தோணுச்சு. பிள்ளைக்குப் பிள்ளை சரியாப் போச்சுல்லா?

எங்க வீட்டுக்காரவுக பேசாத மனுஷன். சொசைட்டியில எழுத்தரா இருந்தாவ. எல்லாத்துக்கும் ம், ம்முன்னுதான் சொல்லுவாவ. இதுக்கு மட்டும் வாயத் தொறந்து, சின்னவன்ட்ட கேட்டியான்னாவ. கேக்குறதுக்கு என்ன இருக்குன்னேன். பெரியவனைக் குடுக்கும்போது பெரியவன்ட்ட கேட்டா குடுத்தேன்? அவுக ம்முன்னுட்டுப் போயிட்டாவ.

சனிக்கிழமை ஆமோஸைக் குளிப்பாட்டி, நகத்துல இருந்த கருப்பை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சு எடுத்தேன். ஞாயித்துக்கிழமை கையைப் பிடிச்சுக்கிட்டு முன்னால போனேன். சபையாரே, மூத்தவனை நேர்ந்தேன், அவனுக்குப் பதிலா இளையவனைத் தாரேன்னேன். பெரிய ஐயர் மாறிப் போயிட்டாரு, புதுசா ஒருத்தரு, சின்ன வயசு. அவரு என்னையப் பாத்தாரு, அவனைப் பாத்தாரு, எங்க வீட்டுக்காரவுகளைப் பாத்தாரு. அவுக தரையைப் பாத்தாவ. அப்புறம் ஐயரு கையை வச்சு ஜெபிச்சாரு. ஆமோஸ் ஒண்ணும் சொல்லலை. சம்மதம் இல்லாட்டா சொல்லியிருப்பான்லா? பதினாறு வயசுப் பிள்ளைக்கு வாயி இல்லையா?

அந்த வருஷம் சாப வாரம் வந்துச்சு. உபதேசியாருக்கு நெசமாவே தொண்டை கட்டிருச்சு. யாரு வாசிக்கிறதுன்னு ஆளாளுக்கு மூஞ்சியப் பாக்காங்க. நான்தான் சொன்னேன், எம் பையன் வாசிப்பான், அவன் ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளை, அவனை எந்தச் சாபம் என்ன செய்யும்னு. எப்படி இருந்துச்சு தெரியுமா எனக்கு! எல்லாரும் நடுங்குற இடத்துல எம் பிள்ளை நிக்கான்.

அவன் முணுமுணுக்கலை. உபதேசியார் மாதிரி ஓடலை. நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டுற மாதிரி வாசிச்சான். இரும்பு, செம்பு, இலைச் சத்தம் எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சான். அப்புறம் பொருத்தனைப் பங்கு வந்துச்சு. மனுஷரை நேர்றதைப் பத்தி, ஆடு மாட்டை நேர்றதைப் பத்தி. நேர்ந்ததை மாத்தக் கூடாது, நல்லதுக்குப் பதில் கெட்டதோ கெட்டதுக்குப் பதில் நல்லதோ குடுக்கக் கூடாது, மாத்தினா அதுவும் ஆண்டவருக்கு, இதுவும் ஆண்டவருக்கு, ரெண்டும் பரிசுத்தம்னு ஒரு இடம் வரும். அங்கன வந்ததும் நின்னுட்டான். அந்த வரியைத் திரும்ப வாசிச்சான். தலையை நிமித்தி என்னையப் பாத்தான். மூணாவது தடவையும் வாசிச்சான்.

பாவம், வரி தவறிட்டான்னு நினைச்சேன். கீழ, கீழன்னு விரலாலக் காட்டினேன்.

அந்த வரி எனக்குப் புதுசு இல்லை கேட்டுக்கோ. எங்க ஊர்ல அதுதான் சட்டம். அறுப்புப் பண்டிகைக்குக் குட்டியை நேர்ந்து காதுல ஒரு வெட்டு போட்டு விடுவாங்க, பண்டிகையன்னைக்கு அதெல்லாம் கோயில்ல ஏலம் போகும். எங்க தெருவுல தங்கக்கனின்னு ஒருத்தி, நல்லா கொழுத்த கிடாயை நேர்ந்துட்டு, பண்டிகைக்கு ஒரு சொறி பிடிச்ச குட்டியை, அதுக்கும் காதை வெட்டி, கொண்டாந்து கட்டிட்டா. நான்தான் கண்டுபிடிச்சுச் சொன்னேன். உபதேசியார் போயி அந்தக் கிடாயையும் அவுத்துக்கிட்டு வந்து ரெண்டையும் ஏலத்துல விட்டாரு. ஊரே கைதட்டுச்சு. அவ பிள்ளைக அந்தக் கிடா பின்னாலேயே அழுதுக்கிட்டு ஓடியாந்துச்சுக. அதுக்கு நான் என்ன செய்ய? மாத்தினா ரெண்டும் போகும். வசனம்னா வசனம்தான்.

ஆனா பிள்ளை விஷயத்துல எனக்கு அது தோணலையே. ஒருத்தனும் சொல்லலையே. அந்த ஐயரு கை வச்சு ஜெபிச்சாரே, அம்மா இந்த மாதிரி வசனம் இருக்கு, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆண்டவர் ஒரு சொப்பனத்துலயாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் காலத்துல யாரு யாருக்கோ சொப்பனத்துல வந்து பேசினாரே. என் வயித்தெரிச்சல் அதுதான்.

பிள்ளைக்குப் பால் குடு, நான் இந்தப் பக்கம் சேலையைப் பிடிச்சுக்கிடுதேன். பரவாயில்லை, நான் பாக்காததா.

ஆமோஸை வேதபாடசாலையில சேத்தோம். முடிச்சு ஒரிசாப் பக்கம் அனுப்பினாங்க. தவசிங் பெங்களூர்ல வேலை, அப்புறம் வெளிநாடு. வீட்டுக்கு மாடி எடுத்தான். நான் கன்வென்ஷன் கூட்டத்துல முன் வரிசையில உக்காருவேன், ஊழியக்காரரு அம்மான்னு. பக்கத்து ஊர்க்காரி எல்லாம் எந்திரிச்சு இடம் குடுப்பா. கொஞ்ச வருஷம் ரெண்டு கண்ணும் குளுந்து கிடந்தேன். ஆசீர்வாதம் கொஞ்சூண்டுன்னு சொன்னேன்ல, அதுதான் அது.

ஒரு லீவுக்கு வந்த தவசிங் தம்பியைப் பாத்துட்டு வாரேன்னு ஒரிசாவுக்குப் போனான். திரும்பி வந்தவன் மூஞ்சி சரியில்லை. சோத்துல கை வைக்கலை. என்னலன்னு கேட்டா, எம்மா, அவன் அங்க பிரசங்கம் பண்ணலைங்கான். பின்ன? அந்த ஊர்க்காரங்க பம்புசெட்டை எல்லாம் சரி பண்ணிக் குடுத்துக்கிட்டு இருந்தானாம். ஜனங்களுக்கு அவன்னா உசுராம். மிஷன்ல மேல இருக்குறவரு வந்து, நீ மெக்கானிக்கா ஊழியக்காரனான்னு கேட்டு, ஸ்பானரை எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாராம். இப்போ சும்மா உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்காம்மாங்கான்.

அப்புறம் சொன்னான், அவன் எனக்குப் பதிலா இருக்கான், நேர்ந்தது என்னையத்தானே, நான் வேலையை விட்டுட்டுப் போறேன், நீங்க அவனை வரச் சொல்லுங்கன்னான்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. கடைவீதியில சட்டை அளவு சரியில்லைன்னு மாத்துற மாதிரியால பேசுத? சபைக்கு முன்னாடி குடுத்தாச்சு. குடுத்ததை வாங்கிட்டு வந்தா, நாளைக்கு நான் கோயிலுக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? சாபம்னு ஒண்ணு இருக்குல்லான்னு கேட்டேன். அவன் போயி ஐயரையே கூட்டிக்கிட்டு வந்துட்டான். அப்போ இருந்தவரு வயசான மனுஷன், நல்ல மாதிரி. அவரு வேதத்தை விரிச்சு வச்சுக்கிட்டு நிதானமாச் சொன்னாரு. அம்மா, மனுஷனை நேர்ந்தா அவனை மீட்டுக்கிடலாம், அதே அதிகாரத்துல மொதல்லயே இருக்கு. அதுக்கு ஒரு மதிப்பு போட்டுக் கோயிலுக்குச் செலுத்திட்டா முடிஞ்சுது. ஏழைன்னா அவனால முடிஞ்சதைக் குடுத்தாப் போதும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நான் பிரசங்க மேடையில இருந்தே சொல்லுதேன், உங்களை ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கிடுங்கன்னாரு.

என் பிள்ளை என்ன ஏலத்துல வந்த பூசணிக்காயான்னு கேட்டேன். வெலை போடுவீரோ? நல்லாக் கேட்டேன்லா? அவரு கண்ணாடியைக் கழத்தித் துடைச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரவுக அவரு பின்னாலேயே தெரு முக்கு வரைக்கும் போனாவ. திரும்பி வந்து என்கூட நாலு நாள் பேசலை. அவுக பேசாட்டா எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? ம் கூடச் சொல்லலை.

மூத்தவன் மறுநாளே பெட்டியைக் கட்டினான். வெளிநாட்டுக்குப் போயி வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்தான். எங்களுது இல்லை, துறவிக மாதிரி வாழுற வேற ஒரு சபையில சேந்துட்டான். வெள்ளை உடுப்பு, கல்யாணம் கிடையாது, சொத்து கிடையாது, வீடு வாசல் உறவு எதுவும் கிடையாது. அவுகளைக் குறை சொல்லலை, நல்ல ஜனங்கதான். ஒரு தடவை போனேன். கூடத்துல உக்கார வச்சாங்க. வந்தான். ஸ்தோத்திரம் அம்மான்னான். அம்மான்னா, வாரவ போறவ எல்லாரையும் சொல்லுவாங்கல்லா, அந்த அம்மா. செம்புல தண்ணி குடுத்தான். என் கடனை நான் கட்டிட்டேம்மா, தம்பியை விட்டுருங்கன்னான். அவ்வளவுதான், மணி அடிச்சுது, உள்ள போயிட்டான்.

அன்னைக்கு பஸ்ஸுல வரும்போதுதான் எனக்கு அந்த வசனம் நெத்தியில அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துச்சு. மாத்தினா அதுவும் ஆண்டவருக்கு, இதுவும் ஆண்டவருக்கு. பாத்தியா? அட்சரம் பிசகலை. ஆமோஸ் மூணு தடவை வாசிச்சானே, அது வரி தவறி வாசிச்சது இல்லை, ஆண்டவரே வாசிக்க வச்சிருக்காரு. அழுதேன். ஆனா ஒரு விதத்துல ஒரு ஆறுதலும் வந்துச்சு, உன்ட்ட சொல்லுததுக்கு என்ன. நான் ஒண்ணும் பண்ணலைல்லா. வசனம் பண்ணுச்சு. அப்புறம் யாரு என்ன கேட்டாலும் அந்த வசனத்தைச் சொல்லிருவேன். அவங்களும் வாயை மூடிக்கிடுவாங்க. வசனத்துக்கு எதுத்தாப்புல யாரு பேசுவா?

போன வருஷம் எங்க வீட்டுக்காரவுக போயிட்டாவ. தவசிங் வரலை, அவங்க முறை அப்படி. ஆமோஸ் வந்து மண்ணு போட்டுட்டு மறுநாளே போயிட்டான். மாடி வீடு, நான் ஒத்தையில. கிணத்தடியில விழுந்து கால்ல கம்பி வச்சிருக்கு. கூப்பிட்டா ஓடி வர ஒரு குரலு கிடையாது. அப்போதான் நினைச்சேன், ரெண்டுல ஒண்ணைத் திருப்பிக் கேட்டுப் பாப்போம். பெரியவனை விட மாட்டாங்க. ஆமோஸ் இப்போ கல்வராயன் மலையில ஒரு சின்னச் சபையில இருக்கான். அங்கதான் போயிட்டு வாரேன். ரயிலு, அப்புறம் ரெண்டு பஸ்ஸு, இந்தக் காலை வச்சுக்கிட்டு.

ஒத்தை ரூம்பு. கொடியில ரெண்டு வெள்ளைச் சட்டை. முடி நரைச்சுப் போச்சு மவளே. நான் பெத்தது, என்னைய விடக் கிழவனா நிக்கான். நான் இருக்கும்போதே அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் பைக்கைத் தள்ளிக்கிட்டு வந்தான், ஸ்டார்ட் ஆகலை, வாசல்ல நிழல்ல நிறுத்திக்கிடுதேன் சார்னான். எனக்குச் சந்தோசம். ஏல, பாருல, உனக்குத்தான் தெரியுமேன்னேன். ஆமோஸ் பக்கத்துல போயி நின்னான். குனிஞ்சான். காதை வச்சுக் கேப்பான்னு பாக்கேன். கையை நீட்டினான், எங்க தொடுறதுன்னு தெரியாம கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் நிமிந்துட்டு, இதெல்லாம் இப்போ வேறம்மா, உள்ள எல்லாம் கம்ப்யூட்டருன்னான். அந்தப் பையன் அவனைப் பாவமாப் பாத்தான்.

சோறு தின்னுட்டு மெதுவாச் சொன்னேன். வீட்டுக்கு வந்துருல. முன் ரூம்பு சும்மாதானே கெடக்கு, ஒரு ஒர்க்‌ஷாப்பு போட்டுக்கோ. நான் சபையில சொல்லிக்கிடுதேன்.

எம்மா, எனக்கு என்ன வேலை தெரியும்னான். அது போச்சு, மறந்து போச்சு. எனக்கு இப்போ இது ஒண்ணுதான் தெரியும்.

சரி, ஊழியத்தை நல்லாச் செய்யுதல்லான்னேன். அவன் குழாயைத் தொறந்தான். தட்டைக் கழுவினான், கழுவிக்கிட்டே இருந்தான். எனக்கு மனசு தாங்கலை. என்னைய ஒண்ணும் நினைச்சுராதல, நான் வேணும்னேவா பண்ணினேன், அந்த வசனம் அப்படி இருக்கு, மாத்தினா ரெண்டும் போகும்னு, அது எனக்கு அப்போ தோணலையேன்னேன்.

தண்ணியை நிறுத்திட்டுத் திரும்பினான். கோவமா இல்லை. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். எம்மா, அது ஆடு மாட்டுக்குச் சொன்னதுன்னான். மனுஷனை மீட்டுக்கிடலாம்னு அதுக்கு மேலேயே இருக்கு. அன்னைக்கு ரெண்டையும் நான்தானே வாசிச்சேன்.

அப்போ ஏம்ல அன்னைக்கே சொல்லலைன்னேன். அதான் வாசிச்சேனேம்மா, உங்களைப் பாத்துக்கிட்டுத்தானே வாசிச்சேன், நீங்க கீழ, கீழன்னு விரலைக் காட்டினீங்கன்னான்.

ஆடு மாட்டுக்குச் சொன்னதாம். இருக்கட்டும். ஆட்டுக்குச் சொன்னா மனுஷனுக்குப் பொருந்தாதா? படிச்சவன், ஏதோ வியாக்கியானம் சொல்லுதான். அந்த வயசான ஐயரும் இதைத்தானே சொன்னாரு. எல்லாரும் சேந்து படிச்சு வச்சிருக்காங்க. ரயில்ல ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மலைக்காத்து ஒத்துக்கிடலை போல.

நாங்குநேரி தாண்டிட்டு. நீ பிள்ளையைத் தோள்ல போடு, ஏப்பம் வரட்டும்.

கிளம்பும்போது சொன்னேன், சரிப்பா, வராட்டாப் போ, எனக்கு ஒரு ஜெபம் பண்ணி அனுப்புன்னேன். ஊழியக்காரனைப் பெத்தவ அது கூடக் கேக்காம வரலாமா? முழங்கால் போட முடியாது, அந்தக் கட்டில்லயே உக்காந்தேன். எதுத்தாப்புல நின்னு என் தலையில கை வச்சான். வார்த்தை எல்லாம் அழகா வந்துச்சு மவளே, குறை சொல்ல முடியாது. எங்கேயும் தட்டலை, தடுமாறலை. என் காலுக்குச் சொகம் கேட்டான், வழிப்பயணத்துக்குக் காவல் கேட்டான், உம்முடைய அடியாள்னு சொன்னான். கை மட்டும் பாரமே இல்லாம, வச்சிருக்கானா எடுத்துட்டானான்னே தெரியாம இருந்துச்சு. ஜெபம் பூராவும் வெளிய நிக்குற அந்தப் பைக்கையே பாத்துக்கிட்டு இருந்தான், கண்ணை மூடவே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? நானும் மூடலை.